பூஞ்சைக்குப் பந்தி விசாரித்த தலைவிக்கு

கண்ணுக்குத் தெரியாத கள்வர்களின் கைவரிசையைக் கண்டறிந்த காவலரே! நுண்ணோக்கியின் வழியே நோயின் நுணுக்கம் நோக்கியவரே! பூஞ்சைகளின் பசியையே பாடமாய்ப் படித்தவரே! பூஞ்சையியல் ஆய்வகத்தின் தலைவியாய் விளங்கி, இன்று பணிநிறைவு பெறும் அம்மையீர்! உங்களுக்கு எங்கள் அனைவரின் அன்பு வணக்கம்.

அடைமொழி அடுக்கினால் உங்களுக்கு ஆகாது என்பது தெரியும். "அலங்காரம் போதும், விஷயத்துக்கு வாங்க" என்று எங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கத்தை முழுசாக அடித்துத் தள்ளிய கை அல்லவா அது! இன்று ஒருநாள் பொறுத்தருளுங்கள். இந்த மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகப் போகிறது. உங்கள் சிவப்பு மை உள்ளே நுழைய முடியாது.

முப்பது ஆண்டுகளாக இந்த ஆய்வகத்தில் ஒலித்தது ஒரே கேள்வி. யார் பூஞ்சை வளர்த்த எந்தத் தட்டை நீட்டினாலும், எவ்வளவு பெரிய முடிவோடு ஓடி வந்தாலும், நீங்கள் முதலில் கேட்பது, "இது என்ன சாப்பிட்டுது?" கொண்டு வந்தவர் சாப்பிட்டாரா என்று கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவரே சொல்லிச் சிரிப்பார்: "என்னைக் கேக்க மறந்தாலும் மறப்பா, பூஞ்சையைக் கேக்க மறக்கவே மாட்டா." 'பந்தி விசாரிப்பவர்' என்று நாங்கள் உங்களுக்கு வைத்த பெயர் அப்படி வந்ததுதான். அது உங்கள் காதுக்கு எட்டவில்லை என்று இத்தனை காலம் நம்பியிருந்தோம்!

ஆனால் அந்தக் கேள்வியில் எத்தனை உயிர்களின் கவலை இருந்தது! ஆய்வகங்களில் பூஞ்சைக்குச் சர்க்கரையைக் கொட்டி வளர்ப்பதே வழக்கம்; சொகுசாக வளரும், சோதனையும் சீக்கிரம் முடியும். "உடம்புக்குள்ள அதுக்கு யாருங்க இப்படி விருந்து வைக்கிறாங்க?" என்றீர்கள் நீங்கள். உடலின் பல இடங்களில் அதற்குக் கிடைப்பது லாக்டிக் அமிலம். அதைத் தின்று வளர்ந்த பூஞ்சை தன் மேலுறையை மாற்றிக்கொள்கிறது. நம் வெள்ளணுக்கள் அடையாளம் காணும் பகுதியை மூடி மறைக்கிறது. காவலுக்கு நிற்கும் வெள்ளணுக்கள் பக்கத்திலேயே போயும் அதைப் பிடிக்காமல் தாண்டிவிடுகின்றன. சர்க்கரைப் பூஞ்சையை மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்தால் நோயாளியின் உடலில் அந்த மருந்து பலிக்காமல் போகக் கூடும் என்று அன்றே எச்சரித்தீர்கள்.

அதை எல்லாரும் ஏற்கவில்லை. அதே சோதனையைத் தாமும் செய்து பார்த்த வெளியூர் ஆய்வகத் தலைவர் ஒருவர், நிறைந்த மாநாட்டு அரங்கில் எழுந்து, "எங்க வெள்ளணு எல்லாம் நல்லாத்தான் பிடிக்குது. உங்களுதுக்குத்தான் கண்ணு தெரியலபோல" என்றார். அரங்கமே சிரித்தது. எங்களுக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை என்பதை இந்த மடலில் பதிவு செய்கிறோம். அன்று முதல் உங்கள் கண்டுபிடிப்பை யார் பேசினாலும் கூடவே ஒரு சந்தேகமும் பேசப்பட்டது. நீங்களோ கோபப்படாமல் அவரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்தது முதல் வெள்ளணுவோடு கலந்தது வரை ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொன்னீர்கள். லாக்டிக் அமிலத்தில் வளர்த்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் ஒன்றைப் போகிற போக்கில் சொன்னார்: "சோதனைக்கு முந்தின நாள் கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு சர்க்கரைக் கரைசல்ல போட்டு வைப்போம். எங்க வழக்கம் அது."

"அப்போ கடைசியா என்ன சாப்பிட்டுது?" என்றீர்கள்.

ஒரே இரவுச் சர்க்கரையில் அந்த மறைப்பு விலகியிருக்கலாம் என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். "மறுபடி செஞ்சு பாத்துட்டுச் சொல்றேங்க" என்று வைத்தவர்தான். அதன் பிறகு பேச்சில்லை. பணிநிறைவு நாள் நெருங்க நெருங்க, மேசைத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நீங்கள் நிமிர்ந்து பார்த்ததை நாங்களும் பார்த்தோம். பதில் தெரியாமலே உங்களை அனுப்பி வைக்கிறோமே என்பதுதான் இந்த நாளில் எங்களுக்குள்ள ஒரே குறை.

நோய் அண்டாத உடலும், நொடியும் ஓயாத அறிவும், நிம்மதியான உறக்கமும், நல்ல பசியும் பெற்று நெடுங்காலம் நீங்கள் நலமாய் வாழ வேண்டும்! இனியாவது உங்கள் கணவரையும் ஒரு வேளை, 'சாப்பிட்டீங்களா' என்று கேளுங்கள்!

அம்மையீர், அச்சடித்த மடல் இதோடு முடிந்தது. கீழே உள்ளவை சட்டம் போடுபவரைக் காக்க வைத்து, இன்று காலை கையால் எழுதிச் சேர்த்த வரிகள். எழுத்துக் கோணலுக்குப் பதற்றமே காரணம். காலையிலிருந்து உங்கள் முகத்தைப் பார்க்காமல் நாங்கள் திருட்டு முழி முழித்ததற்கும் அதுவே காரணம்!

எழுந்து திரும்பிப் பாருங்கள்! கடைசி வரிசையில், மடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். தொலைபேசியில் சொல்லும் விஷயமில்லை என்று நேரிலேயே வந்துவிட்டார். மாநாட்டில் சொன்னதை இந்த மேடையிலேயே திரும்பப் பெற ஒலிவாங்கி கேட்டிருக்கிறார். வாசலில் நாங்கள் வணக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே, நீங்களே எதிரில் நிற்பது போல அவர் சொன்னார்:

"லாக்டிக் அமிலங்க. கடைசி வேளையும் அதேதான். ஒரு வெள்ளணுகூடப் பிடிக்கல, எல்லாம் தாண்டிப் போயிடுச்சு!"

இப்படிக்கு,
இனி யார் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்கப் போகும்
பூஞ்சையியல் ஆய்வகத்தார்