உள்ளே வராத வைரஸ்

ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம்தான். ஆனால் வெள்ளகோவில் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் என்னை விடவில்லை. மகள் மைக்ரோபயாலஜி படிக்கிறாள். அப்பாவுக்கு வீரபாண்டியில் சின்ன பனியன் கம்பெனி.

"அந்த வைரஸ் பாக்டீரியாவுக்குள்ள வர்றதே இல்லீங்கப்பா," என்றாள் மகள்.

"அப்புறம் எப்படிக் கண்ணு அதைக் கெடுக்குது?"

"கால் மாதிரி இருக்கற புரோட்டீன் பாக்டீரியா செவுத்தத் தொட்டுப் பாக்குமுங்க. ஏத்த ஆளுன்னா ஒட்டிக்கும். வாலோட உறை சுருங்கும், உள்ள இருக்கற குழாய் செவுத்துல எறங்கும். அது வழியா டிஎன்ஏ மட்டும் உள்ள போகும். வெறுங்கூடு வெளியவே நின்னுக்கும்."

"உள்ள போயி?"

"பாக்டீரியா தன்ற வேலைய விட்டுப்போட்டு, அந்த டிஎன்ஏ சொல்ற மாதிரி வைரஸா செஞ்சு உள்ளயே குவிக்குமுங்க."



"நம்மகிட்ட பனியன் வாங்கற ஃபாரின் பையர் ஒரு நாளும் கம்பெனிக்குள்ள கால் வெச்சதில்ல. மெயில்ல டிசைன் மட்டும் வருது. உன்ற பேர்ல ஆரம்பிச்ச பிராண்ட மூட்ட கட்டிப் போட்டுட்டு, அவரு லேபிளத்தான் தெச்சுட்டு இருக்கறேன். இத்தன வருசமா மொதலாளின்னு நெனச்சுட்டு இருந்தனே. நான் பாக்டீரியா கண்ணு."

இருவரும் சிரித்தார்கள்.

"கடைசீல அந்த பாக்டீரியா என்னாகும்?"

"வெடிச்சுருமுங்க."

"வெடிக்கட்டும். ஷிப்மெண்ட் போனதுக்கு அப்புறம் வெடிச்சாப் போதும்."



"வெடிச்சாத்தானுங்கப்பா ஷிப்மெண்டே வெளிய போகும்."