எட்டை மூன்றாக்கிய மிளகாய்

என் பெயர் அமுதவள்ளி, வயது 43, கணவர் பெயர் கருத்தப்பாண்டி, திருச்சுழி கீழத்தெருவில் குடியிருக்கிறேன். சொந்த லோடு ஆட்டோவை நானே ஓட்டி, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மிளகாய் வத்தல் மூடைகளை அருப்புக்கோட்டை கமிஷன் கடைகளுக்கு ஏற்றி வருகிறேன். குடும்பம் நடப்பது அதில்தான். கார் நம்பர் பலகையில் கை வைத்ததாக முகேஷ் என்பவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காலை காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

பந்தல்குடி சாலை முக்கில் சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டிகளைப் படம் பிடிக்கும் கேமரா சென்ற தை மாதம் வைக்கப்பட்டது. அதைக் கவனிக்கும் தனியார் கம்பெனியின் சூப்பர்வைசர்தான் மேற்படி முகேஷ். மாசி மாதம் ஒரே வாரத்தில் நான் மூன்று முறை சிவப்பு விளக்கைத் தாண்டியதாக என் போனுக்கு நோட்டீஸ் வந்தது. அந்த வாரம் முழுக்க என் வண்டி பாலவனத்தத்தில் ஒரு பட்டறையில் என்ஜினைக் கழற்றிய நிலையில் நின்றது. என்ஜின் இல்லாமலே சிக்னலைத் தாண்டும் திறமை அதற்கு உண்டென்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு என் லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. வத்தல் சீசனே மூன்று மாதம்தான்.

அதன் பிறகு பட்டறைச் சீட்டுடன் கேமரா அலுவலகத்துக்குச் சென்றேன். முகேஷ் கம்ப்யூட்டரில் காட்டிய படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக் கார். "தம்பி, நான் ஓட்டுறது லோடு ஆட்டோ. இது காருல்ல?" என்று கேட்டேன். "மிஷின் நம்பரத்தான்க்கா பாக்கும், வண்டியப் பாக்காது. அது தப்பே பண்ணாது" என்றார். காருக்கும் லோடு ஆட்டோவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, அதற்குப் பணிவிடை செய்ய ஏ.சி. அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தால் என்னை ஏசியிருப்பார், ஆனால் என்னைக் கார் என்று நினைத்திருக்க மாட்டார்.

அதன் பிறகு, கேமராவையே எடுத்துவிட வேண்டும் என்று நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி அங்கே மனுக் கொடுத்தேன். முகேஷ் அதை டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெளியே வந்தபோது, படத்தில் கண்ட அதே கார் வாசலில் நின்றது. அதன் நம்பர் என் வண்டி நம்பரேதான், கடைசி எண் மட்டும் எட்டு. எனக்கு மூன்று. கண்திருஷ்டிக்காகக் கட்டிய எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் பலகையின் மேல் தொங்கி, எட்டின் இடப்பக்கத்தை மறைத்திருந்தன. காவலாளியிடம் கேட்டதில், அது முகேஷின் கார் என்றார். ஊர் மேலெல்லாம் கண் வைத்தவருக்குத் தன் கார் மேல் கண் படக் கூடாதாம்.

அதன் பிறகு, காவலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, லோடு கயிறு அறுக்கும் கத்தியால் மிளகாய் கட்டிய அந்த நூலை அறுத்தேன். பலகையைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வழக்கம்போல் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு நோட்டீஸ் அவருக்கே போயிருக்கிறது. அதன் பேரில்தான் இந்தப் புகார். இன்று என் முன்னிலையிலேயே, "சார், அந்த மிஷின நம்பாதீக" என்று தங்களிடம் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்ததையும் எழுதிக்கொள்ளவும்.

அவருடைய நோட்டீஸ் வந்த அன்று மாலையே ரத்தாகிவிட்டது. என்னுடைய மூன்றும் அப்படியே இருக்கின்றன. கேட்டால், பழையதை அழிக்க மிஷினில் வழியில்லை என்கிறார்கள். நான் ஏற்ற வேண்டிய மூடைகளை இப்போது வேறு வண்டிக்காரர் ஏற்றுகிறார்.

மேலே எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே உண்மையாக இருக்கிறது. நூலை அறுத்த இடத்தில் மட்டும் "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று சேர்த்திருந்ததை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தெரிந்தேதான் அறுத்தேன்.

(ஒப்பம்) க. அமுதவள்ளி