கைகளில் விழுந்த ஃபோகஸ்

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பின்பக்கமாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால், உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால் சிலந்தி நூல் போலத் தெரியும். கடைக்காரர், "தூசிம்மா, துடைச்சா போயிடும்" என்பார். போகாது. ஆனால் என் லென்ஸில் பூஞ்சை இருந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூஞ்சை என்று நான் பிற்பாடு ஒரு பொய் சொன்னேன்.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் ரெக்கார்டரை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவையுங்கள். மின்விசிறி இரைச்சல் குறையும். எனக்குத் தொழிலே இதுதான். கல்யாணம், கம்பெனி நேர்காணல், பள்ளிக்கூட விளம்பரம், எல்லாம் எடுத்திருக்கிறேன். என் கேமரா சின்னது, கைப்பைக்குள் அடங்கிவிடும். அதன் சென்சாரும் சின்னது, பழைய ஃபிலிமில் பாதி அகலம்தான். அதனால் ஃபிலிம் காலத்து ஐம்பது எம்.எம். லென்ஸை ஒரு அடாப்டர் வளையம் போட்டு மாட்டினால், அது நூறு எம்.எம். போல நடந்துகொள்ளும். அறை முழுவதையும் காட்டாது. ஒரு முகத்தையும் தோளையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களையெல்லாம் வெளியே தள்ளிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஃபோகஸ் தானாகப் பிடிக்காது. விரலால் லென்ஸ்மேல் இருக்கும் வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒளி நுழையும் துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டால் கண் தெளிவாக இருக்கும்போதே காது மங்கிவிடும். அவ்வளவு மெல்லிய இடம். முகம் எங்கே இருக்கிறது என்பதைக் கேமரா முடிவு செய்வதில்லை, நான்தான் முடிவு செய்கிறேன்.

என் அக்காவுக்கு நோய் முற்றியபோது, அவள் மகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். சுண்டு என்று கூப்பிடுவோம், அவ்வளவு சின்னதாகப் பிறந்தாள். அத்தான் கப்பலில் இன்ஜினியர், ஏறினால் இறங்கப் பல மாதம் ஆகும். குழந்தைக்குத் தலை சீவியது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது, பள்ளிக்கூட வாசலில் நின்றது எல்லாம் நான். என்னுடைய கல்யாணம் நிலைக்கவில்லை, குழந்தையும் இல்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

அக்காதான் ஒரு நாள் கேட்டாள். "சுண்டுவோட ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் ஒரு வீடியோ எடுத்து வெச்சுடலாமா? அவ பெரியவளாகற வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணு. நான் பேசறேன், நீ எடு."

"எடுக்கலாமே" என்றேன்.

"அந்தப் பழைய லென்ஸ்லயே எடுடி. அதுல கொஞ்சம் சாஃப்டா இருக்குமில்ல? கண்ணுக்குக் கீழ இந்தக் கருப்பு தெரிய வேண்டாம். குழந்தை பயந்துடுவா."

அதாவது, மங்கலாக இருக்க வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். நான் அதை மறக்கவில்லை.

ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, பின்னால் வெளிர்நிறத் திரை கட்டி, மதிய வெளிச்சத்தில் எடுத்தோம். முதல் சில பதிவுகள் கண்ணாடி போல வந்தன. இமை மயிர்கூட எண்ணலாம். தலைமுடி கொட்டியதை மறைக்கத் துணி கட்டியிருந்தாள், உதட்டுக்குக் கொஞ்சம் சாயம் பூசியிருந்தாள். நன்றாகச் சிரித்துப் பேசினாள். பல் தேய்க்காமல் ஏமாற்றியதைக் கிண்டல் செய்தாள். வயதுக்கு வரும்போது பயப்பட வேண்டாம் என்றாள். கணக்கில் தோற்றால் உலகம் இடிந்துவிடாது என்றாள். ஒவ்வொரு முறையும் நடுவில் மூச்சு வாங்கும், கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுவாள்.

பிறகு ஒரு பதிவில், நான் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போதே, இப்படிச் சொன்னாள்: "சுண்டு, அப்பா கரையில வேலை வாங்கிட்டு உன்னைக் கூட்டிட்டுப் போக வருவார். போயிடு. சித்தி வீட்டுல ரொம்ப நாள் இருக்காதே. சித்தி நல்லவதான். ஆனா அவளுக்கு எதையும் விடத் தெரியாது."

என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதே, உண்மையைத்தான் சொன்னேன்" என்றாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அழகா வந்திருக்கு" என்றேன். பதிவை நிறுத்தினேன். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் அவளிடம் போய் அழுதேன். எனக்கு அழத் தெரியும், கல்யாண வீட்டு வேலையில் எல்லாம் பழகிவிடும். "அக்கா, லென்ஸுக்குள்ள பூஞ்சை இருந்திருக்கு. நான் கவனிக்கலை. எல்லாம் வீணாப் போச்சு" என்றேன்.

அக்கா கேட்டாள், "எல்லாத்தையும் மறுபடி சொல்லணுமா?"

"ஒரே ஒரு தடவை. லென்ஸைச் சுத்தம் பண்ணிட்டேன்."

மறுபடி சொன்னாள். அப்போது வலி முதுகில் ஏறிவிட்டிருந்தது. மாத்திரை போட்டால் நாக்கு குழறுகிறது என்று, படம் எடுக்கும் நாட்களில் மாத்திரையைத் தள்ளிப்போட்டாள். நான் போடச் சொல்லவில்லை. குழறாமல் பேசினால்தான் நல்லது என்று எனக்கும் தோன்றியது. உதட்டுச் சாயம் பூசும்போது கை நடுங்கியது, அதனால் நானே பூசிவிட்டேன்.

இந்த முறை வளையத்தைத் திருப்பி, ஃபோகஸை அவள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். அங்கே காற்றுதான் இருந்தது. அவள் பேச்சுவாக்கில் கையை நீட்டினால் கை தெளிவாக வரும், முகம் பாலில் நனைந்த மாதிரி இருக்கும். ஆள் அக்காதான் என்று தெரியும், தலைத்துணி தெரியும், சிரிக்கிறாள் என்றுகூடத் தெரியும். உதடு என்ன சொல்கிறது என்பது மட்டும் தெரியாது. ஒரு தடவை பார்க்கக் கேட்டாள். கேமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரையைக் காட்டினேன். அதில் எல்லா முகமும் அழகாகத்தான் இருக்கும்.

"சாஃப்டா இருக்கு" என்றாள். சந்தோஷப்பட்டாள்.

எங்கள் இருவர் குரலும் ஒன்று. சின்ன வயதிலிருந்தே அப்படி. ஃபோனில் அத்தான் பல தடவை என்னிடம் கொஞ்சிப் பேசிவிட்டு, நான் சிரித்ததும் அசடு வழிந்திருக்கிறார். வீட்டில் அது ஒரு ஜோக்.

அக்கா போன பிறகு, அவள் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, தலை ஆடுவதற்கு ஏற்ப, நான் பேசிப் பதிவு செய்தேன். சுலபமில்லை. அவள் சொன்னது நீளமாக இருக்கும், நான் சொல்ல வேண்டியது குட்டையாக இருக்கும். இடையில் அவள் இருமலை அப்படியே விட்டுவைத்தேன். இருமல் அசல். அதன் பிறகு தெளிவான பதிவுகளையும், அவளுடைய சொந்தக் குரலையும் அழித்தேன். ஒரே பொருள் இரண்டு இருந்தால் குழப்பம்தானே.

அத்தான் சொன்னபடியே கரையில் வேலை வாங்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் பிறந்தநாளும் வந்தது. முதல் வீடியோவைப் போட்டேன். டிவியில் என் அக்கா, மங்கலாக, பொறுமையாகப் பேசினாள்: "அப்பா கூப்பிட்டா போகாதே கண்ணு. நான் வலியில கிடந்தப்ப அவர் ஒரு தடவைகூட வரலை. இனிமே சித்திதான் உனக்கு அம்மா. அம்மான்னே கூப்பிடு."

உண்மையில் அவர் வந்திருந்தார். இரண்டு முறை சில நாள் லீவில் வந்து, வீட்டுக்குக்கூட வராமல் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருந்தார். குழந்தைக்கு அது தெரியாது, அவளை நான் அழைத்துப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசனை குழந்தைகளுக்கு ஆகாது.

அவர் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார். "நான் வந்தேனே" என்றார், டிவியிடம். பிறகு என்னைப் பார்த்தார். "இது அவ குரல்தான். ஏம்மா இப்படிச் சொன்னா?"

"மருந்து மயக்கமா இருக்கலாம் அத்தான்" என்றேன். "இல்லன்னா மனசுல இருந்திருக்கலாம்."

இந்த இரண்டாவது வாக்கியம் தேவையில்லாதது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

சுண்டு சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நீங்க போயிடுங்க" என்றாள். அவர் வழக்கு, கோர்ட் என்று எதுவும் போகவில்லை. போயிருந்தால் எனக்குச் சிரமமாகியிருக்கும். பெண்டாட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதை யாரிடம் போய்க் காட்டுவது என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேட்டுக்கு வெளியே ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பார். நான் வாங்கி வைத்துக்கொள்வேன். பிறகு வருவது நின்றது. போன வருஷம் வாடகை அறையில் இதயம் நின்று இறந்துபோனார். அவருடைய தங்கை ஃபோன் செய்தாள். சுண்டுவிடம் கேட்டேன், கேட்காமல் இல்லை. "அம்மாவுக்கே வராதவருக்கு நான் ஏன் போகணும்?" என்றாள். வற்புறுத்துவது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். நன்றாகப் படித்தாள். கேமராவில் ஆசை வந்து என் கேமராவையே எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். அந்தப் பழைய லென்ஸை மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பூனையை எடுப்பாள், என்னை எடுப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த வருஷப் பிறந்தநாள் வீடியோவில் அக்கா கையை நீட்டி ஆட்டுகிறாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, ஏற்றி இறக்கி, மெதுவாகக் கொண்டுவந்து மற்றொரு கையில் வைக்கிறாள். கை அசைந்தால் பேச்சுக்கு உயிர் வரும் என்று நான் அதை வெட்டாமல் விட்டிருந்தேன். அதன்மேல் நான் பேசியிருந்தது: "உங்க அப்பா ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலை."

சுண்டு வீடியோவை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். மறுபடியும்.

"இது கப்பல்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அப்பா வர்றப்ப அம்மா எனக்கு இப்படித்தான் செஞ்சு காட்டுவாங்க. ஃபோன் வந்த உடனே. அலையில ஆடி ஆடி வந்து கரை சேர்ற மாதிரி. அப்பா வந்துட்டார்னு அர்த்தம்."

அது எனக்குத் தெரியாது. அவ்வளவு வருஷம் அந்த வீட்டிலேயே கிடந்திருக்கிறேன், அவர்களுக்குள் அப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் மனதைப் புண்படுத்தியது அதுதான். மறைத்துவிட்டார்கள்.

"அம்மாவுக்கு உடம்பு முடியலை, கை தானா ஆடியிருக்கும்" என்றேன்.

அவள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரேகைகூட தெரியுது. லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. கை இவ்வளவு தெளிவா இருக்கு, முகம் மட்டும் ஏன் எல்லா வீடியோலயும் இல்ல? ஒரு தடவைகூடவா தவறிப் போய் முகத்துல விழலை?" பிறகு திரும்பினாள். "ஃபோகஸ் நீங்க வெச்சதுதானே, சித்தி?"

சித்தி என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. குழந்தைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உங்களிடம் சொல்வது போலவே. அவள் கத்தவில்லை. அழித்தது எல்லாமா, ஒன்றுகூட மிச்சமில்லையா என்று மட்டும் கேட்டாள். எல்லாம்தான் என்றேன். இருமல் மட்டும் இருக்கிறது என்றேன். அவள் சமையலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். துண்டு எடுத்துக்கொண்டு போனேன், வாங்கவில்லை. அன்று மாலையே அவளுடைய அத்தை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, அதனால்தான் ஆலோசகரான உங்களை அனுப்பியிருக்கிறார்கள். சரி. உங்கள் குறிப்புக்கு நேராகவே சொல்கிறேன். செத்துக்கொண்டிருந்த என் அக்காவை வலியில் இரண்டு முறை பேசவைத்து, அவள் பேச்சை அழித்தது நான். அவள் வாயில் என் பேச்சை வைத்தது நான். அத்தானை, பெண்டாட்டி தன்னை வெறுத்துச் செத்தாள் என்று நம்பியே சாகவிட்டது நான். அந்தப் பெண்ணை, அப்பாவைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தவளாக ஆக்கியதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை.

அம்மா உண்மையில் என்ன சொன்னாள் என்று தெரிந்தால் அவள் கொஞ்சம் தேறலாம் என்கிறீர்கள். அதுதான் நானும் சொல்ல வந்தது. அழிப்பதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டிருப்பேன், எல்லாம் மனப்பாடம். எங்கே சிரித்தாள், எங்கே மூச்சு வாங்கினாள், ஒரு சொல் பிசகாமல் அதே குரலில் சொல்வேன். உங்களிடம் சொல்ல மாட்டேன், உங்கள் ரெக்கார்டரில் அது கெட்டுப்போகும். அவளையே இங்கே வரச் சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு வைக்கிறேன், திரையும் கட்டி வைக்கிறேன். அவள் விருப்பப்படி வீடியோ எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும். உள்ளே வரும்போது அம்மா என்று கூப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எனக்கு அந்தக் குரல் வராது.