வாஸாவின் பதினான்கு சாவிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் கழகத் தலைவர் கெல்வின் டிராஃபின் அவர்களே, லீக்கிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாரனின் மனைவி ஜூடி அவர்களே, நீலவெள்ளைச் சட்டையோடு நிற்கும் நம் பிள்ளைகளே, இன்றைக்கு ஒருநாள் பகையை வாசலில் விட்டுவிட்டுச் சிவப்புச் சட்டையோடு வந்திருக்கும் வொரெம்பா ஊர்க்காரர்களே, சமையலறைக் கதவோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் நொலீன் ஹாஸ்கெட். இருபத்தொரு வருஷமாக மல்லாரா கால்பந்துக் கழகத்தின் சட்டைகளைத் துவைத்து, தைத்து, மாட்டி வைக்கிறவள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. இந்தத் தாளில் இருப்பதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதோடு இன்னொரு வேலையும் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று தலைவர் கெல்வின் என் வீட்டுக்கு வந்தார். மறைந்த நம் பயிற்சியாளர் வாரன் டிரெலோரின் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

"நோல், சனிக்கிழமையிலேர்ந்து நம்ம பிராடி எடுத்து நடத்தட்டும். நீ பேசி முடிச்சதும் இத மேடையில வச்சு அவன் கையில குடுத்துரு. பாக்கவும் நல்லா இருக்கும்."

இதோ அந்தக் கொத்து. பதினான்கு சாவி. தூக்கிப் பாருங்கள், கை இறங்கும். துணைப் பயிற்சியாளராக இருந்த பிராடி மாஹர், அந்தத் தூணுக்குப் பக்கத்தில், தோளில் ஒரு குழந்தையோடு நிற்கிறான். இன்னொன்று அவன் மனைவி மடியில். இரட்டைப் பிள்ளைகள், பிறந்து மூன்று மாதம். பிராடி, கொஞ்சம் பொறு. உன்னிடம் வருகிறேன்.

முதலில் வாரன். நம் எல்லோருக்கும் வாஸா.

வாஸா என்ன வேலை பார்த்தார்? கேட்டால் "கோச்" என்போம். சரி, கோச் என்றால் என்ன வேலை? நம் பிள்ளைகளுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. பணம் கொடுக்கிறோம் என்பதால் டிவியில் வரும் பெரிய அணி மாதிரி ஆட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் பகலில் ஒருவன் ஆடு மேய்க்கிறான், ஒருவன் மின்கம்பம் ஏறுகிறான், ஒருவன் வங்கியில் இருக்கிறான். வாஸாவும் பகலெல்லாம் பண்ணை பண்ணையாகப் போய்த் தண்ணீர் பம்பும் காற்றாலையும் பழுது பார்த்தவர்தான். பெரிய அணிகளில் பன்னிரண்டு பேர் செய்யும் வேலையை, பம்பு பழுது பார்த்த கையோடு வந்து இவர் ஒருவர் செய்தார்!

ஞாயிற்றுக்கிழமை முந்தின நாள் ஆட்டத்தின் வீடியோவை இரண்டு தடவை பார்த்து, ஒவ்வொரு பையனுக்கும் அவன் ஆடின துண்டை வெட்டி அனுப்பினது யார்? வாஸா. மெல்போர்னில் வேலை பார்க்கும் நம் மூன்று ஆட்டக்காரர்களுக்காகப் புதன்கிழமைதோறும் மூன்று மணி நேரம் வண்டியோட்டிப் போய், பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பினது யார்? வாஸா. வெளியூர்ப் பையன் நம் அணிக்கு வர வேண்டுமானால் அவனுக்கு இங்கே ஒரு வேலையும் ஒரு வீடும் வேண்டும். வேலை கேட்டுக் கதவு கதவாகத் தட்டினதும், அந்த வாடகை வீட்டுக்கு ஃபிரிட்ஜைத் தோளில் சுமந்ததும் யார்? மோதினால் அடிபடாதபடி கோல் கம்பத்துக்கு மெத்தை கட்டினது, மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டது, விளக்கு எரியவில்லை என்றால் ஏணியோடு வந்தது?

நாம் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னோம். "வாஸா பாத்துக்குவாரு." கூட்டத்தில் சொன்னோம், கடைத்தெருவில் சொன்னோம். நான் துணி காயப்போடுகிற கொடியடியில் நின்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

எந்த வேலையையும் அவர் அரைகுறையாகச் செய்ததில்லை. வியாழக்கிழமை அணியைத் தேர்வு செய்வார்கள். முதல் அணியிலிருந்து ஒருவனை இறக்கினால், அதை அவன் முகத்துக்கு நேரே போய்ச் சொல்ல வேண்டும் என்பது வாஸாவின் சட்டம். ஆங்கஸ் இலின், உன்னைச் சொல்லட்டுமா? தலையாட்டுகிறான். சரி. ஆங்கஸின் பண்ணை நாற்பது கிலோமீட்டர். அவன் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தபோது வாஸா போய் நின்றார்.

"ஆங்கஸு, இந்த வாரம் நீ ரெண்டாவது அணிடா."

"இதச் சொல்லவா கோச் இம்புட்டு தூரம் வந்தீங்க? போன்ல சொல்லிருக்கலாமே."

"போன்ல சொன்னா நீ பட்டுனு வச்சிருவ. இப்ப ரெண்டு கையிலயும் ஆடு இருக்கு. எங்க ஓடுவ?"

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? சட்டைக் கையை மடித்துவிட்டு, மீதி ஆடுகளை இவனுக்குப் பிடித்துக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம்! ஏன் இறக்கினார், எதைத் திருத்தினால் மேலே வரலாம் என்று பேசிக்கொண்டே பிடித்தார். மூன்றாம் வாரம் ஆங்கஸ் முதல் அணிக்குத் திரும்பி நான்கு கோல் போட்டான். மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார் எல்லாம் ஹாரன் அடித்தது. வாஸா மட்டும் என்னைப் பார்த்து, "நோல், அவன் சட்டையில ஆட்டு வாடை இன்னும் போகல" என்றார்.

எனக்கு அவர் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாஸா வந்த முதல் வருஷம், ஆடப்போகிறவர்களின் பட்டியலைக் கொடுத்தார். நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு வந்த பட்டியலில் பெயரே இல்லை. சட்டை எண் மட்டும், பெரிது பெரிதாக. ஒன்பது வருஷம், ஒவ்வொரு வியாழனும், எனக்கென்று தனியாக ஒரு பட்டியல். அவருக்கு இருந்த வேலைகளோடு அதுவும் ஒரு வேலை! ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது சொல்லக் கஷ்டமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஜூன் மாதம் மழை பெய்து வொரெம்பா மைதானம் குளமாகி நின்றது ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆட்டம் நின்றுபோனது. திங்கட்கிழமை இதே கூடத்தில் கமிட்டி கூடியது. தலைவர் கெல்வின் கேட்டார்.

"நின்னுபோன ஆட்டத்த ஓய்வு வாரத்துல வச்சுக்கலாமான்னு லீக்ல கேக்குறாங்க. யாருக்காச்சும் சங்கடம் உண்டா?"

முதலில் வாய் திறந்தது நான்தான்.

"ஓய்வு வாரத்துல ஓய்வெடுத்து என்னத்தக் கிழிக்கப் போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். வாஸாவும் சிரித்தார். கை தூக்கினோம். என் கை முதல் கை.

"வாஸா, உனக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார் கெல்வின்.

"எனக்கென்ன? ஆடிருவோம்." கடைசியாக அவர் கையும் மேலே போனது.

ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அந்த ஓய்வு வாரத்தின் வியாழக்கிழமை மெல்போர்னில் இதய டாக்டரைப் பார்க்க அவர் மார்ச் மாதமே நாள் வாங்கி வைத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. நெஞ்சில் ஏதோ பிசைகிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். ஆட்டம் இல்லாத வாரம் அது ஒன்றுதான் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய நாள். ஆட்டம் வந்ததும் வியாழக்கிழமை அணித்தேர்வு வந்துவிட்டது. போன் போட்டு நாளைத் தள்ளிவைத்தார். அடுத்த நாள் கிடைத்தது ஆறு வாரம் கழித்து. நான்காவது வாரம் போய்விட்டார்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நாங்கள் கை தூக்கியிருப்போமா? எட்டு நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த டாக்டர் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாம் கேட்டதற்கெல்லாம் சரி சொல்லியே பழகிப்போனவரிடம், "உனக்கு ஒண்ணுமில்லையே" என்று கேட்டோம். அவர் வேறு என்ன சொல்வார்!

ஜூடி, கமிட்டியில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நானும் கெட்டவள் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கை என் கை. அதை உன் முன்னால் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி. பிள்ளைகள் பயிற்சிக்கு வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் உடைமாற்றும் அறைக்குப் பின்னால் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாஸா மைதானத்தில் மஞ்சள் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். "நோல், எட்டாம் நம்பர்ல பொத்தல் இருக்கு பாரு" என்று கத்தினார். "அதெல்லாம் அப்பவே தச்சாச்சு, நீங்க கூம்ப நேரா வைங்க" என்று நானும் கத்தினேன். அடுத்த சட்டையை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஏழு கூம்பு நேராக நின்றது. எட்டாவது அவர் கையில் இருந்தது. அவர் புல்லில் கிடந்தார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வரவில்லை.

நேற்று கெல்வின் இந்தக் கொத்தை வைத்துவிட்டுப் போனதும், நான் பிராடிக்கு போன் போட்டேன்.

"ஏம்ப்பா, உன்னால முடியுமா? வீட்டுல ரெண்டு கைக்குழந்த."

"நான் பாத்துக்கிறேன் நோல்."

அதே குரல்! அதே வார்த்தை! ஒரு வினாடி யார் பேசுகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒருவரைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, அதே கொத்தை இன்னொருவன் கழுத்தில் மாட்டப் போகிறோமா? நான் மாட்ட மாட்டேன். தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்ன வேலையை நீங்கள் சொன்னபடி நான் செய்யப் போவதில்லை.

கொத்தைக் கழற்றுகிறேன். என் நகம் உடைந்தாலும் சரி.

இது விளக்குக் கம்பத்துப் பெட்டிச் சாவி. கெல்வின், இது உங்களுக்கு. ஏணி கொட்டகையில் இருக்கிறது. இது கோல் கம்பத்து மெத்தை வைக்கிற அறை. ஆங்கஸ், வாடா இங்கே. ஆட்டைப் பிடித்துக் கொடுத்த கடனைக் கட்டு. இது கழக வேன். மெல்போர்ன் பிள்ளைகளா, மூன்று பேரும் வாங்க. இனி உங்களைத் தேடி யாரும் மூன்று மணி நேரம் வர மாட்டார்கள். வாரம் ஒருநாள் நீங்கள் இங்கே வருகிறீர்கள், முறை வைத்து ஓட்டுகிறீர்கள். இது புதுப் பையன்கள் தங்குகிற வீடு. அதைச் சமையலறைத் தோழிகள் பார்த்துக்கொள்கிறார்கள், காலையில் ஸ்கோன் ரொட்டிக்கு மாவு பிசையும்போதே பேசி முடித்துவிட்டோம். கோடு போடுகிற கொட்டகை, மருந்து அலமாரி, வீடியோ பெட்டி, சட்டை அறை என்று இன்னும் எட்டு இருக்கிறது. சட்டை அறை எனக்கு. மற்ற ஏழுக்கும் ஆள் வேண்டும். யாரும் கை தூக்க வேண்டாம். நம் கைகளை நான் பார்த்துவிட்டேன். எழுந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழும் போயிற்று. பிராடி, இப்போது நீ வா. குழந்தையோடே வா. இது பயிற்சியாளர் அறைச் சாவி. உனக்கு இது ஒன்றுதான். பையன்களுக்கு ஆடச் சொல்லிக்கொடு, அணியைத் தேர்ந்தெடு, இறக்கினால் நேரே போய்ச் சொல். மீதியை "நான் பாத்துக்கிறேன்" என்று இனி நீ சொல்லக் கூடாது. நாங்கள் சொல்வோம். வாஸாவின் பெயரால் இந்தக் கூடத்தில் நாங்கள் கொடுக்கும் வாக்கு இது. ஓய்வு வாரத்தில் எந்த மைதானம் முழுகினாலும் மல்லாரா ஆடாது. லீக்கிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று ஆயிற்று. இன்னும் ஒன்று இருக்கிறது. இந்தச் சின்னச் சாவி.

இது எந்தப் பூட்டுக்கானது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று மைதானம் முழுக்க ஒவ்வொரு கதவாக முயன்றேன். பால் வைக்கிற ஃபிரிட்ஜைக்கூட விடவில்லை. ஒன்றிலும் சேரவில்லை. கடைசியில் ஜூடியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது கேரவன் சாவி நோல். கொல்லையில நிக்குதே, கார்ல இழுத்துட்டுப் போய்த் தங்குற வண்டி, அது. வாங்கி நாலு வருஷமாச்சு. ஓய்வு வாரத்துல கடக்கரைக்குப் போவோம்னு சொல்லித்தான் வாங்குனாரு. ஒரு தடவகூட கெளம்பல. கொத்துல போட்டு வச்சுக்கோ, ஞாபகம் இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

அந்தப் பதின்மூன்றையும் திறக்கப் போகும்போதெல்லாம் இது அவர் விரலில் பட்டிருக்கும்.

ஜூடி, நீ எழுந்திருக்க வேண்டாம். நான் இறங்கி வருகிறேன். இது கழகத்துச் சாவி இல்லை. உன்னுடையதை இத்தனை நாள் நாங்கள் வைத்திருந்துவிட்டோம்.

இந்தா.