எட்டாம் நம்பர் பானை

அட்டப்பெட்டிய கீழ வெச்சிட்டு உக்காரும்மா. ஷோகேஸ் சாவி தங்கவேலு சார்கிட்டதான் கீது. இந்த மியூசியத்துக்கு அவுருதான் பெரியவரு, பதினோரு மணிக்கு மேலதான் வருவாரு. நான் கூட்டிப் பெருக்கறவ. என்கிட்ட துணிதான் கீது.

எந்தப் பானைய டெஸ்ட்டுக்கு எடுத்துக்கினு போவ வந்த? எட்டாம் நம்பரா? அதுவா கெடச்சுது ஒனக்கு? ஒம்போது கீதே, அதுலயும் எலும்பு கீது.

ஓகோ, எட்டுலதான் எலும்பு நல்லா கீதா. நல்லாத்தான் இருக்கும்.

நான் அஞ்சாவதுக்கு மேல படிக்கல. ஆனா பானைக்கு முன்னால வெச்சிருக்கற சீட்டு மனப்பாடம். மூவாயிரம் வருஷமாம், சத்தியவேடு பக்கம் கண்டெடுத்ததாம். கண்டெடுத்தாங்களாம்! எங்க வேர்க்கடலக் கொல்லம்மா அது. சாரு ஆளு வெச்சி தோண்டசொல்லோ நானே கூலிக்கு மண்ணு சொமந்தேன். பேப்பர்ல போட்டோ வந்துச்சு, சாரு நடுவுல. எங்க வூட்டுக்காரரு ஓரத்துல, பாதி மூஞ்சி. அதுக்கே அந்தாளு ஊரெல்லாம் காட்டிக்கினு திரிஞ்சாரு.

இந்தப் பானைங்க எங்களுக்கு இன்னா புதுசா? ஏரு ஓட்டசொல்லோ மாட்டும். ஒடைஞ்சத வரப்புல போடுவோம். நல்லது ஒண்ணு கெடச்சா எங்க மாமியா கிருஷ்ணம்மா வூட்டுக்குக் கொண்டாந்து தவுடு கொட்டி வெப்பா.

சம்பளத்துக்கா இங்க வரேன்? ரெண்டு பஸ் மாறணும்மா. கால் வீங்கிப் போவுது. வூட்டுக்காரரு திட்றாரு. அந்தாளுக்கு இன்னா தெரியும், மறந்துட்டாரு.

ஒண்ணு கேக்கறேன். டெஸ்ட்டுல பானைக்கு ஒரு வயசு, எலும்புக்கு ஒரு வயசுன்னு தனியா தெரிஞ்சிருமா?

தெரிஞ்சிருமா.

அப்பறம் இங்க வெக்க மாட்டாங்க இல்ல? எங்க போடுவாங்க? ஒனக்கே தெரியாதா. நல்லா படிச்ச போ.

கோவிச்சிக்காத. எங்க ஜனத்துல பச்சக் கொழந்த செத்துப் பூட்டா எரிக்க மாட்டாங்க. பானையில வெச்சி கொல்லையிலியே பொதைப்பாங்க. வூட்டுல புதுப்பானை ஒண்ணு இருந்துச்சி, பொங்கலுக்கு வாங்கனது. அத்தக் குடுன்னு காலப் புடிச்சேன். பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குடி புதுசுன்னு, மாமியா தவுட்டக் கீழ கொட்டிட்டு அந்தப் பழம்பானைய எடுத்தா. தூக்கசொல்லோ வாசப்படியில இடிச்சி வாயோரம் சில்லு பேந்துச்சி. பாரு, இந்தப் பக்கம். இதப் பாத்துதான் குழியில எனக்கு அடையாளம் தெரிஞ்சிது. சாரு சின்னப்புள்ள மாதிரி கைதட்டிக் குதிக்கறாரு. நான் கூடையோட நிக்கறேன். இன்னான்னு சொல்றது? சொன்னா தூக்கி எறிஞ்சிருப்பாங்க. இங்கன்னா கண்ணாடி கீது, லைட்டு கீது, தெனமும் நான் தொடைக்கறேன்.

சாரு செருப்புச் சத்தம் கேக்குது. ஒம்போதாம் நம்பரக் கேளும்மா. அது மெய்யாலுமே பழசு. எட்டுல இருக்கறதுக்கு வர ஆவணி வந்தா இருவத்தாறுதான்.