நடு நாற்காலிக்காரன்

உங்கள் மேஜை ஆடுகிறது, சார். பின்பக்கத்துக் கால் ஒன்று குட்டை. ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும், எழுதுகிற ஏட்டையாவுக்கும் கை நோகாது. தப்பாக நினைக்காதீர்கள், பழக்கதோஷம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் என் கண் முதலில் பார்க்கும்.

மில்லுக்காரரை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் நானே கிளம்பி வந்தேன். நேற்று அவரைக் கைது செய்ததிலிருந்து டி.வி.யில் ஒரே பாட்டு: கட்சியின் வலது கை இடது கையை வெட்டிவிட்டதாம். நீங்களும் நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "அவர் சொல்லித்தானேய்யா செஞ்சே?" என்று கேட்டீர்கள். இல்லை, சார். யாரும் சொல்லவில்லை. பழி முழுக்க ஒரு பக்கத்தின் தலையில் விழுந்திருக்கிறது. தேர்தல் நேரத்தில் அது கட்சிக்கு நல்லதில்லை.

என்னைக் கட்சியில் எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவிகூட ஆத்திரம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். "கட்சி இடது பக்கம் போகுதா, வலது பக்கம் போகுதான்னு பேப்பர்காரன் மண்டையைப் பிச்சுக்கறான். நீங்க எந்தப் பக்கம்னு கட்டிக்கிட்ட எனக்கே தெரியலை. கட்டில்லகூட நடுவுல படுத்துக்கறீங்க, நான் விளிம்புல தொங்கறேன்" என்பாள். நல்ல நகைச்சுவை உணர்வு அவளுக்கு. இதில் அவளை இழுக்காதீர்கள்.

எங்கள் தேர்தல் அறிக்கைக் குழு வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரிந்தால்தான் மற்றது புரியும். நீள மேஜை. தலைமாட்டில் தலைவர். ஒரு பக்கம் டீச்சர், அந்த அம்மாள்தான் தொழிலாளர் அணிக்குத் தலைமை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கட்சிக்கு வந்தவர், ஆனால் குரல் மட்டும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலாகவே இருந்தது. எதிர்ப்பக்கம் மில்லுக்காரர், வியாபாரிகள் எல்லாம் அவர் பேச்சைக் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பழைய கதை. வேலைநிறுத்தத்தின்போது டீச்சர் மில் வாசலில் குறுக்கே படுத்தார். மில்லுக்காரர் காரை நிறுத்தச் சொல்வதற்குள் டயர் அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அதனால் பேச்செல்லாம் என் வழியாகத்தான். மேஜையின் கால்மாட்டில், இருவருக்கும் சம தூரத்தில் என் நாற்காலி. டீச்சர் என்னைப் பார்த்துச் சொல்வார்: "தராசு, அவர்கிட்ட கேளு, அவரு மில்லுல வேலை பாக்கறவன் மனுஷனா, நூல்கண்டான்னு." கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் மில்லுக்காரர் உட்கார்ந்திருப்பார். எல்லாம் காதில் விழும். ஆனாலும் நான் திரும்பிச் சொல்கிறவரை அசைய மாட்டார். "ஐயா, ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் உங்கள் கருத்தை டீச்சர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்" என்பேன். அவர் விட்டத்தைப் பார்ப்பார். "அந்தம்மாகிட்ட சொல்லு, ஒரே ஒரு நாள் மில்லை நடத்திப் பாக்கச் சொல்லு. சாயங்காலம் அவங்களே வந்து என் வாசல்ல படுத்துக்குவாங்க, தூக்கத்துக்கு." நான் டீச்சர் பக்கம் திரும்பி, "நடைமுறைச் சிக்கல்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார்" என்பேன்.

சிரிக்காதீர்கள், சார். இப்படித்தான் ஒரு கட்சி நடந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களை உடனே நிரந்தரமாக்க வேண்டும் என்பது டீச்சர் பக்கம். பரிசீலிக்கலாம் என்பது மில்லுக்காரர் பக்கம். 'படிப்படியாக' என்று ஒரு வார்த்தையை நடுவில் போடுவேன். இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். அந்த வார்த்தையை வைத்தே மூன்று தேர்தலைத் தாண்டியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் தலைவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பார். "நீ இல்லேன்னா இந்தக் கட்சி எந்தப் பக்கம் குடை சாயும்னு எனக்கே தெரியாதுடா." பத்திரிகைக்காரர்களும் என்னிடம்தான் கேட்பார்கள்: இந்த முறை இடதா, வலதா? நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். பிடி கொடுக்காமல் இருப்பதுதான் என் வேலை.

உள்ளதை உள்ளபடி சொல்ல வந்தவன் எதையும் மறைக்கக் கூடாது. சில சமயம் நான் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கிறேன். டீச்சர் ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மில்லுக்காரர் என்னிடம் பூங்கொத்து கொடுத்தனுப்பினார். "நான்னு சொல்லிக் குடு, பரவாயில்லை" என்றார். அதைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அம்மாளுக்கு ரொம்ப சந்தோஷம். மில்லுக்காரரிடம் வந்து, டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர்கள் இருவரும் திடீரென்று ஒட்டிக்கொண்டால் கட்சி தாங்காது. ஒரு பக்கம் இழுக்க, இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் கயிறு விறைப்பாக நிற்கும். ஒரு பக்கம் விட்டுவிட்டால் மறுபக்கம் மல்லாக்க விழும்.

லிஃப்ட் நின்றதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அறிக்கையின் கடைசிக் கூட்டத்துக்கு டீச்சர் அவசரமாக ஓடிவந்து லிஃப்ட்டுக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே மில்லுக்காரர். இறங்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது. பாதி வழியில் கரண்ட் போய்விட்டது. நான் மாடியில் லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று, "ஐயா, டீச்சருக்கு ஏதாவது சொல்லணுமா? டீச்சர், ஐயாகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இரண்டு குரல். டீச்சர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கதவு திறந்தபோது இரண்டு பேருக்கும் சட்டை, புடவை எல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. மில்லுக்காரர் தன் கைக்குட்டையை டீச்சரிடம் கொடுத்திருந்தார்.

"ஏன் தராசு," என்றார் டீச்சர், "அந்தப் பூ யாருக்குப்பா போச்சு?"

கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

"விடுங்க டீச்சர், பாவம்," என்றார் மில்லுக்காரர். நேராக அவரைப் பார்த்து, பெயர் சொல்லாத குறையாக. "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அவனும் எவ்வளவு நாள்தான் தாங்குவான்? பயந்திருப்பான்."

அவ்வளவுதான். திட்டவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னை மன்னித்துவிட்டார்கள். அன்றைக்கு மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நேருக்கு நேர் பேசி, ஒரே வாக்கியமாக எழுதிவிட்டார்கள்: ஏற்கெனவே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஆட்சி அமைந்த முதல் ஆண்டிலேயே நிரந்தரம், சிறு ஆலைகளுக்கு அரசு கை கொடுக்கும். 'படிப்படியாக' இல்லை. தலைவர் படித்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இடதா, வலதான்னு எவனும் கேக்க முடியாதே. கேட்டா ரெண்டு பேரும் சேந்து நிக்கப் போறாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடுடா. உழைச்சு ஓடாப் போயிட்ட" என்றார்.

கறிவேப்பிலை மாதிரி என்னை எடுத்துப் போட்டுவிட்டார்கள், அந்த வன்மம்தான் என்று நீங்கள் முடிச்சுப் போடுவீர்கள். அப்படி இல்லை. நான் நிதானமாக யோசித்தேன். டீச்சர் இறங்கி வந்துவிட்டார் என்றால் கட்சியில் இடது என்று ஒன்று இனி இல்லை. நாளைக்கு மில்லுக்காரர் இன்னொரு கைக்குட்டை நீட்டுவார், டீச்சர் இன்னும் ஒரு படி இறங்குவார். ஊருக்குத் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும். சாய்வை முதலில் பார்க்கிறவன் நான்தானே? பார்த்தும் சும்மா இருந்தால் அது துரோகம்.

எங்கள் அலுவலகத்துப் பால்கனிக் கம்பி விஷயம் வெல்டர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல மனிதர். கம்பியைப் பொருத்திய போல்ட்டுகள் துருப்பிடித்துக் கழன்றுவிட்டன, சும்மா ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறது என்று என்னிடம்தான் சொன்னார். "யாரையும் சாய விடாதீங்க சார், மூணு மாடி. நாளன்னைக்கு மிஷினோட வரேன்" என்று சொல்லி, குறுக்கே கயிறு கட்டிச் சிவப்புத் துணியும் தொங்கவிட்டுப் போனார். பொறுப்பான ஆள். அவரை அலைக்கழிக்காதீர்கள்.

மறுநாள் காலையில் நான் கயிற்றை அவிழ்த்தேன். துணியை மடித்து வைத்தேன். செய்தது அவ்வளவுதான் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். படித்தபோது முழுசாக இல்லை. அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்துக்குள் போன் சரியாக எடுக்காது. பேச வேண்டுமென்றால் பால்கனிக்குத்தான் போக வேண்டும். டீச்சருக்கு ஒரு பழக்கம், போனில் பேசும்போது முழங்கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டுதான் பேசுவார். வகுப்பில் மேஜைமேல் சாய்ந்து பேசிப் பேசி வந்தது என்பார். நான் தெருவுக்கு எதிர்ப்புறம் போய், மூடியிருந்த தையல் கடை வாசலில் நின்றேன். வெயில் கண்ணில் அடித்தது. போன் போட்டு, கீழே தெருவில் நிற்கிறேன் என்றேன்.

வெளியே வந்தார். வந்தவர் சுவர் ஓரமாகவே நின்றுவிட்டார், நிழலுக்காக.

"கேக்கல டீச்சர்," என்றேன். "கொஞ்சம் முன்னால வாங்க."

ஒரு அடி முன்னால் வந்தார். என்னைத் தேடிக் கீழே பார்த்தார். பார்த்ததும் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அப்புறம் நடந்ததை நீங்கள் வந்து பார்த்தீர்கள். முதலில் ஓடிவந்த ஆட்களில் நானும் ஒருவன். அன்று சாயங்காலமே, பழைய பகையில் மில்லுக்காரர்தான் ஆள் வைத்துக் கம்பியைக் கழற்றினார் என்று நம்பி, தொழிலாளர் அணிக்காரர்கள் மில்லுக்காரர் வீட்டுக் கண்ணாடிகளை உடைத்தார்கள். மில்லுக்காரர் ஆட்கள் அணி அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவலாளி வெளியே வரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை, வருத்தம்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பேச மறுத்து, தனித்தனியாக என் அறைக்கு வந்தன. தலைவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தராசு, நீதாண்டா போய்ப் பேசணும்" என்று அழுதார். போனேன். இரண்டு பக்கமும் பேசினேன். 'படிப்படியாக' மறுபடி அறிக்கைக்குள் வந்தது. கட்சி நடுவில் நின்றது. நீங்கள் மில்லுக்காரரைப் பிடிக்கிறவரை நின்றது.

போனில் டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்கள். ஏதோ சொன்னார் என்று தையல் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. ஆமாம், சத்தமாகத்தான் பேசினார். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் என்றேனே.

"தராசு, நல்ல சேதிப்பா. நம்ம தொகுதிக்கு யாரைப் போடறதுன்னு தலைவர் கேட்டாரு. நானும் அந்த மனுஷனும் தனித்தனியா ஒரு பேரைச் சொன்னோம், ரெண்டும் ஒரே பேரு. உன் பேருதாம்ப்பா. நாளைக்கு மேடையில நீதான் பேசற. இத்தனை நாளா நாங்க சொன்னதையே சொல்லிட்டிருந்த. நாளைக்கு அதெல்லாம் வேணாம். வேலை நிரந்தரம் கேக்கற அந்த ஜனங்களைப் பத்தி உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. ஆமா, கேக்கவே இல்லையே இத்தனை நாளா... நீ என்னதாம்ப்பா நினைக்கற?"

பதிலுக்காகக் காத்திருந்தார். கம்பிக்கும் அவருக்கும் இன்னும் ஒரு அடி இருந்தது. உள்ளே போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார், அதற்கு நேரம் இருந்தது. எல்லாம் தெளிவாகக் காதில் விழுந்தது, சார். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். தெருவில் ஒரு வண்டி போகிற நேரம் வரைக்கும் யோசித்தேன்.

"கேக்கல டீச்சர்," என்றேன். "இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க."

அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கட்சி சாய்ந்துவிடக் கூடாதே என்றுதான் கொன்றேன். எனக்கென்று அதில் ஒன்றும் இல்லை.