பொட்டு வைத்த எக்ஸ்ரே

— சத்தம் நின்னுருச்சுங்க, அல்ஃபியா மேடம்! உள்ள வனிதா சத்தம் நின்னுருச்சுங்க!

— பதறாதீங்க தெய்வம்மாக்கா. ஸ்கேனுக்குக் குடுத்த தூக்க மருந்து இன்னும் தெளியல. நர்ஸ் பக்கத்துலயே இருக்காங்க. காதைக் குடுத்துக் கேளுங்க... குர்ருனு வருதா?

— வருதுங்க. அது கேட்டாலும் தூக்கம் போயிருது, கேக்காட்டியும் உசுரு போயிருது. இந்தச் சத்தத்தையும் கூடவே எடுத்துக்கிட்டுத்தானுங்க வந்திருக்கா.

— இந்தச் சத்தம் வெறும் இளைப்புன்னு யாரு சொன்னதுக்கா?

— எஸ்டேட் டிஸ்பென்சரியிலங்க. சளி மருந்து குடுப்பாங்க, மிட்டாய் வாசம் அடிக்கும். எங்க லயத்து வீடுகள்லன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பனியில பிள்ளையத் தூக்கிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன்னு என்னையத்தான் ஏசுவாங்க.

— பனியும் இல்ல, நீங்களும் இல்ல. இந்த ஸ்கேனைப் பாருங்க, இது அவ நெஞ்சு. இதயத்துலருந்து வர்ற பெரிய ரத்தக்குழாய் ஒரு பக்கமாத்தான் வளைஞ்சு போகணும். இவளுக்கு ரெண்டாப் பிரிஞ்சு, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சேத்துச் சுத்தி வளையல் பூட்டுன மாதிரி இருக்கு. வயித்துல இருக்கறப்பவே அப்படி.

— அதான் சோறு தொண்டையிலயே நிக்குதுங்களா?

— அதேதான். கழுத்தைப் பின்னால வளைச்சுத் தூங்குறாளே, அதுவும் இதனாலதான். கோயம்புத்தூர்ல ஆபரேஷன் பண்ணி, அந்த வளையத்தை ஒரு பக்கம் வெட்டி விட்டுருவாங்க.

— ரெண்டு வயசு தாண்டுவாளுங்களா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க.

— பள்ளிக்கூடமே போவாக்கா. அதென்ன ரெண்டு?

— சும்மாங்க. வர்ற ஆடியில ரெண்டு முடியுது.

— சரி. வீட்ல பழைய எக்ஸ்ரே இருந்தா எடுத்துட்டு வாங்கன்னேனே?

— இந்தாங்க. மடக்கிராதீங்க.

— என்னக்கா, மூலையில குங்குமம்? எக்ஸ்ரேக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா!

— சாமி படத்துக்குப் பக்கத்துல இருந்துச்சுங்க.

— நல்லா இருக்கு போங்க. வனிதா, அப்பா பேரு எல்லப்பன், வயசு ஒண்ணரை. தேதி அழிஞ்சு போச்சு... யா அல்லாஹ். இதுலயே தெரியுதேக்கா!

— என்னதுங்க?

— இந்தக் கறுப்புக் கோடுதான் மூச்சுக்குழாய். இந்த எடத்துல ரெண்டு பக்கமும் நெருக்கியிருக்கு பாருங்க. இதைப் பாத்தவங்க இன்னும் ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா, அப்பவே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பாங்க.

— அனுப்பியிருந்தா... ஆபரேஷன் பண்ணியிருப்பாங்களா?

— பண்ணியிருப்பாங்க. விடுங்க, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மிஞ்சிப் போனா ஆறு மாசம்தானே? பிள்ளை தப்பிச்சுட்டாளேன்னு சந்தோஷப்படாம இப்படி அழறீங்களே!

— அது இவ படமில்லீங்க மேடம். இவளுக்கு முன்னால பொறந்தவ, அவ பேரைத்தான் இவளுக்கு வச்சோம். பொட்டு வச்சுக் கும்புட அவ படம்னு எங்ககிட்ட அது ஒண்ணுதானுங்க இருக்கு.